பெயர் நிற்கிற விளம்பரம்: யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று வருடமாக லேபிள், பதாகை, பத்திரிகை விளம்பரம், இப்போது பேஸ்புக் வேலையும் என்று இதிலேயே இருக்கிறேன். கறித்தூள் ஆலைக்காரர், புடவைக்கடைக்காரர், ரியூசன் நடத்துகிறவர்கள், புதிதாக ஐஸ்கிரீம் கடை திறக்கிற பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரை மணித்தியாலம் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். விலையைச் சொல்லி நாளைக்கே ஆள் பிடிக்கிற நோட்டீஸ் பற்றி இதில் கொஞ்சம்தான் வரும். உங்கள் பெயர் சனத்தின் மனதில் எப்படி நிற்கிறது என்பதைத்தான் எழுத வந்தேன்.

பெயருக்காக விளம்பரம் செய்ய வேண்டுமா? மலிவு விற்பனை விளம்பரம் போதாதா?

ஒரு வீட்டில் பிரிட்ஜ் வாங்குவது பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். இன்றைக்கு உங்கள் விளம்பரத்தைப் பார்க்கிற ஆயிரம் பேரில் இந்த மாதம் பிரிட்ஜ் வாங்க நினைத்திருப்பவர்கள் மிகச் சிலர். மலிவு விற்பனை விளம்பரம் அந்தச் சிலரோடு மட்டும் பேசுகிறது, மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அவர்களுடைய பிரிட்ஜும் ஒருநாள் பழுதாகும், அநேகமாகச் சித்திரை வெயிலில், உள்ளே மீன் இருக்கும்போது. அப்போது வீட்டில் யாரோ ஒருவர் "அந்தக் கடையில கேட்டுப் பாருங்கோவன்" என்று ஒரு பெயரைச் சொல்வார். அந்த வாயில் உங்கள் பெயர் வருவதற்காக இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பே கட்டுகிற காசுதான் இது.

அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிற ஏரன்பேர்க்-பாஸ் ஆய்வு நிலையம் பல வருடமாக இரண்டு விசயங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது: வாங்குகிற நேரத்தில் பெயர் ஞாபகம் வர வேண்டும், ஞாபகம் வந்தால் சாமான் கைக்கு எட்ட வேண்டும். நான் பார்த்த வரைக்கும் நல்லூர், சுன்னாகம், கொடிகாமம் எங்கே எடுத்தாலும் இதே கதைதான்.

விளம்பரம் பார்த்து ஒருவர் மனம் மாறுவாரா?

அபூர்வமாக. "எங்கள் தூள்தான் திறம்" என்று நீங்கள் எழுதியதை வாசித்து, இருபது வருடம் வாங்கிய தூளை ஒரு அம்மா விடமாட்டார். விளம்பரம் செய்வது அதைவிடச் சின்ன வேலை. பழக்கப்பட்ட பெயராக ஆக்கும், அவ்வளவுதான், ஆனால் அந்தச் சின்ன வேலைக்குப் பெரிய பலன் இருக்கிறது. 1968இல் ரொபேர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தம் இல்லாத சொற்களையும் சீன எழுத்து மாதிரியான குறிகளையும் சிலவற்றைச் சிலதடவையும் சிலவற்றைப் பலதடவையும் ஆட்களுக்குக் காட்டிப் பார்த்தார். அதிக தடவை கண்டதைச் சனம் அதிகம் விரும்பியது, காரணம் ஒன்றும் இல்லாமலே.

எங்கள் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். மைலோ வாகனம் வந்து நிற்கும், வெயிலில் வரிசையில் நின்று ஒரு சின்னக் கப்பில் குளிர மைலோ வாங்கிக் குடிப்போம், சிலர் இரண்டாம் தரமும் வரிசைக்குப் போவார்கள். அங்கே யாரும் விற்றமின் பற்றி விளங்கப்படுத்தவில்லை. ஓட்டம், வெயில், பச்சை நிறம், அந்த இனிப்பு எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டு மனதில் போய் இருந்துவிட்டது. இன்றைக்கு அதே பிள்ளைகள் அம்மா அப்பா ஆகித் தங்கள் பிள்ளைக்கு வாங்குகிறார்கள்.

எங்கள் லேபிள் பழசாகிவிட்டது, மாற்றலாமா?

இதுதான் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. இதில் நான் ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

வலிகாமத்தில் ஒரு கறித்தூள் ஆலை. மஞ்சள் பக்கற், நடுவில் சிவப்புப் பட்டி, பட்டியில் வெள்ளை எழுத்தில் பெயர். ஐந்தாறு வருடம் அப்படியே ஓடியது. உரிமையாளருக்கு அலுத்துவிட்டது, அவர் மகனுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் புதிதாக ஒன்று வரைய ஆசை. கறுப்பும் பொன் நிறமுமாக ஒரு பக்கற் செய்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். ஒரு அம்மா வந்து "அந்த மஞ்சள் பக்கற் தூள் ஒண்டு தாங்கோ" என்றார். கடைக்காரப் பெடியன் தட்டைப் பார்த்துவிட்டு "அது இப்ப வாறேல்லை அம்மா" என்றான். அவன் முழங்கைக்குப் பக்கத்தில் கறுப்புப் பக்கற் பத்து அடுக்கியிருந்தது, ஒரே ஆலை, ஒரே தூள், ஒரே பெயர். அம்மா வேறொரு தூளை வாங்கிக்கொண்டு போனார். அவர் ஒருநாளும் அந்தப் பெயரை வாசித்ததில்லை. அவருக்கு அந்தத் தூளின் பெயரே மஞ்சள் பக்கற்தான்.

பெரிய கம்பனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாற்றுப் பெட்டியை மாற்றினார்கள். பழத்தில் உறிஞ்சுகுழல் குத்தியிருக்கிற பழைய படத்தை எடுத்துவிட்டு ஒரு கிளாஸ் சாறு போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது, உடனே பழைய பெட்டிக்கே திரும்பிப் போனார்கள். மறுபக்கம் கொக்கா கோலா. 1915இல் போத்தல் செய்யக் கொடுக்கும்போது அவர்கள் கேட்டது, இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரிய வேண்டும், உடைந்து நிலத்தில் கிடந்தாலும் தெரிய வேண்டும் என்று. அந்த உருவத்தை நூறு வருடத்துக்கு மேலாகக் கைவிடவில்லை.

நீங்கள் உங்கள் லேபிளை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறீர்கள். வாங்குகிறவர் மாதத்தில் ஒருதடவை, அதுவும் இரண்டு செக்கன். உங்களுக்கு அலுக்கிற நேரத்தில்தான் அவருக்குப் பழகத் தொடங்குகிறது. எழுத்தைத் தெளிவாக்குங்கள், அச்சைத் திருத்துங்கள், பக்கற்றின் தரத்தைக் கூட்டுங்கள். நிறத்திலும் பட்டியிலும் கை வைக்க வேண்டாம்.

(அந்த ஆலை நான்காம் மாதம் மஞ்சளுக்குத் திரும்பியது. அந்த இரண்டாவது அச்சுக்கு நான் என் கூலியை வாங்கவில்லை.)

அப்படியென்றால் புதிதாக ஒன்றுமே செய்யக் கூடாதா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். இந்தியாவில் அமுல் வெண்ணெய்க்காரர் 1966இல் இருந்து புள்ளிச் சட்டை போட்ட அதே சிறுமியைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவள் சொல்கிற கதை ஒவ்வொரு தடவையும் புதிது, நாட்டில் அந்தக் கிழமை என்ன பேச்சோ அதுதான். ஆள் மாறாமல் பேச்சு மாற வேண்டும். உங்களுக்கும் ஒரு ஆள், ஒரு நிறம், ஒரு மெட்டு, ஏதாவது ஒன்று மாறாமல் நிற்கட்டும், மற்றதெல்லாம் காலத்துக்கு ஏற்றபடி போகலாம்.

நல்லூர் திருவிழாவுக்குப் பதாகை கட்டலாமா?

25 நாள் திருவிழா, இலங்கை முழுக்க இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் சனம் வருகிறது, எல்லாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில் ஒருதடவை மெதுவாக நடந்து பாருங்கள். முருகன் படம், இரண்டு பக்கமும் மயில், மேலே "நல்லூர்க் கந்தனின் பக்தர்களை வரவேற்கிறோம்", கீழே மூலையில் கம்பனியின் பெயர். அடுத்ததும் அதுதான். அதற்கு அடுத்ததும். ஒருவருடம் 24ஆம் நாள் தேர் முடிந்து வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்களிடம், இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, வழியில் எந்தக் கடைகளின் பதாகை கண்டீர்கள் என்று கேட்டேன். ஏழு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு பெயரும் வரவில்லை. ஆனால் சின்னம்மா, "அந்த மோர் தந்தவங்கள், கறிவேப்பிலை எல்லாம் போட்டு, நல்ல குளிர்" என்றார், கடையின் பெயரையும் சொன்னார்.

1933இல் ஹெட்விக் ஃபொன் ரெஸ்டோர்ஃப் என்ற ஜேர்மன் உளவியலாளர் காட்டியது இதுதான்: ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவில் வேறுபட்டு நிற்பது நினைவில் தங்கும். மயில் படங்களுக்கு நடுவில் இன்னொரு மயில் படம் காணாமல் போய்விடும். மோர்ப் பந்தல் போடுங்கள், பந்தலின் துணியே உங்கள் கடை நிறமாக இருக்கட்டும், கப்பிலும் அதே நிறம். செருப்பு வைக்க ஒழுங்கான இடம், கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் வந்து நிற்க ஒரு நிழல், வயதானவர் இருக்க நாலு கதிரை, இவையெல்லாம் பதாகையைவிட அதிக காலம் பேசும். ஒரு விசயம் மட்டும் மனதாரச் சொல்கிறேன்: கோயிலுக்கு வருகிற சனம் கும்பிட வருகிறது, ஒலிபெருக்கியில் உங்கள் விலைப் பட்டியலைக் கேட்க அல்ல.

மனதைத் தொடுகிற வீடியோ எடுத்தால் போதுமா?

பலாலி விமான நிலையத்தில் தாய் காத்து நிற்கிறார், மகன் பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறான், இருவரும் அழுகிறார்கள், நாங்களும் அழுகிறோம், கடைசி இரண்டு செக்கனில் ஒரு பெயர் வந்து மறைகிறது. இப்படி எத்தனை வீடியோ பார்த்திருப்பீர்கள்? கதை ஞாபகம் இருக்கும், யார் போட்டது என்று கேட்டால் தெரியாது. உணர்ச்சி நல்லது, மிக நல்லது, ஆனால் அது உங்கள் பெயரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். 2007இல் பிரித்தானியாவில் கட்பரி ஒரு விளம்பரம் செய்தது: ஒரு கொரில்லா ஒன்றரை நிமிடம் இருந்து ட்ரம் அடிக்கிறது. சொக்கலேட் சாப்பிடுகிற ஆளே அதில் கிடையாது. ஆனால் கொரில்லாவின் பின்னால் இருந்த சுவர் கட்பரியின் ஊதா. முதல் செக்கனில் இருந்தே யாருடையது என்று கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் வீடியோவில் தாய் கையில் வைத்திருக்கிற பையே உங்கள் கடைப் பையாக இருந்தால் என்ன? கதையும் கெடாது, பெயரும் நிற்கும்.

பேஸ்புக்கில் ஆயிரம் லைக் வருகிறது, கடைக்கு ஆள் வரவில்லையே?

லைக் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பார்த்தபோது பெரும்பங்கு கனடா, லண்டன், பாரிஸ். எங்கள் ஊர் ஒடியல் கூழைப் படத்தில் கண்டதும் ஸ்காபரோவில் இருக்கிறவருக்கு நெஞ்சு உருகுகிறது, லைக் போடுகிறார், அதில் பிழை இல்லை, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரமாட்டார். காசு கொடுத்து பூஸ்ட் செய்யும்போது இடத்தை வட மாகாணம் என்று, அல்லது யாழ்ப்பாணத்தைச் சுற்றி இத்தனை கிலோமீற்றர் என்று குறியுங்கள். சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களே அதிகம், ஆகவே பெயரும் நிறமும் முதலிலேயே கண்ணில் பட வேண்டும்.

திருமண மண்டபம், காணி, கேற்றரிங் என்றால் கதை வேறு. அங்கே முடிவெடுப்பதும் காசு அனுப்புவதும் பலநேரம் வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவோ அக்காவோதான், அவர்களுக்கே காட்டுங்கள். விடுமுறைக்குச் சனம் வருகிற ஆடி, ஆவணிக்கு இரண்டு மாதம் முந்தியே தொடங்குவது நல்லது.

கொழும்பில் செய்த விளம்பரத்தைத் தமிழில் மாற்றிப் போடலாமா?

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் யோசித்ததைத் தமிழில் எழுதினால் எங்கள் ஆச்சிக்கும் விளங்கிவிடும், இது எங்களுக்காக எழுதியது இல்லை என்று. சிலநேரம் தமிழ்நாட்டுக் குரலையும் சொல்லையும் அப்படியே இறக்கிவிடுகிறார்கள். காலையில் "பிரெட்டில் தடவி" என்று ஒரு குரல் சொல்கிறது. நாங்கள் சாப்பிடுவது பாண். நாற்காலியில் இருப்பதில்லை, கதிரையில் இருக்கிறோம். காய்ச்சலுக்குக் குளிசை போடுகிறோம். "வாங்க" என்று கூப்பிடுகிற கடையை விட "வாங்கோ" என்று கூப்பிடுகிற கடை கிட்ட நிற்கிறது.

அதற்காக எங்கள் பேச்சைப் பகிடிக்கு இழுத்து, ஒரு வேட்டி கட்டின அப்பு, ஒரு சத்தம் போடுகிற ஆச்சி என்று ஆக்கவும் வேண்டாம். ஊர் ஆள் ஒருவர் சாதாரணமாகக் கதைக்கிற மாதிரி இருந்தால் காணும். அப்புறம், எழுத்து: குற்றுப் போய், கொம்பு உடைந்து நிற்கிற தமிழ் எழுத்தோடு ஒரு பதாகையை அச்சுக்கு விடாதீர்கள். மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருதடவை காட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வானொலி, பத்திரிகை எல்லாம் இன்னும் வேலை செய்யுமா?

யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. உதயன், வலம்புரி இரண்டையும் காலையில் மரண அறிவித்தலில் இருந்து தொடங்கி வாசிக்கிற வயதினர் எங்கள் ஊரில் நிறைய. மருந்துக் கடை, கண்ணாடிக் கடை, நகைக்கடை எல்லாம் அவர்களை விடக் கூடாது.

காதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இப்போது கண்ணையே நம்பியிருக்கிறார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கத் தொடங்கியபோது, பினாக்கா என்ற பற்பசைக்காரர் இங்கிருந்து ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார்கள். நிகழ்ச்சியின் பெயரிலேயே பற்பசையின் பெயர். அது பல பத்து வருடம் ஓடியது, வட இந்தியாவில் ஒரு தலைமுறைக்குப் பாட்டென்றால் பினாக்கா ஞாபகம் வந்தது. இங்கே பாண் கொண்டு வருகிற ஓட்டோவை எடுங்கள். பின்னேரம் அந்த மெட்டு ஒழுங்கை முடக்கில் கேட்டதும் பிள்ளை காசு கேட்டு ஓடி வருகிறது. பெயர்ப் பலகை பார்க்கத் தேவையில்லை. உங்கள் கடைக்கு ஐந்து செக்கன் மெட்டு ஒன்று செய்து அதையே வானொலியிலும் வீடியோவிலும் ஓட்டோ விளம்பரத்திலும் போடுங்கள்.

நடிகரின் படம் போட்டால்?

அனுமதி இல்லாமல் இணையத்தில் எடுத்துப் போடுவது முறையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. படம் எடுத்தவருக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அனுமதியோடு போட்டாலும் சனம் நடிகரைத்தான் பார்க்கும்.

ஒரே மாதத்தில் நிறையச் செய்வதா, வருடம் முழுக்கக் கொஞ்சமா?

வருடம் முழுக்க. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1885இலேயே தன்னை வைத்துப் பரிசோதித்து எழுதினார்: படித்தது முதல் சில மணித்தியாலங்களிலேயே வேகமாக மறக்கிறது, ஒரேயடியாகப் படிப்பதை விட இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. சோதனைக்கு முதல்நாள் இரவு மட்டும் படித்த எல்லாருக்கும் இது தெரியும்.

காசை எப்படிப் பிரிப்பது?

லெஸ் பினே, பீட்டர் ஃபீல்ட் என்ற இரண்டு பேர் பிரித்தானிய விளம்பரத் துறை நிறுவகத்தின் விருதுக்கு வந்த 30 வருட விளம்பரங்களை ஆராய்ந்து 2013இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பொதுவாகப் பெயருக்கு 60, உடனடி விற்பனைக்கு 40. அவையெல்லாம் விருதுக்கு அனுப்பப்பட்ட பெரிய விளம்பரங்கள், எங்கள் ஊர்ச் சின்னக் கடைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே பெரும்பாலானவர்கள் நூறுக்கு நூறையும் விலைக்கழிவிலேயே போடுகிறார்கள், அதுதான் கவலை. எப்போதும் விலை குறைக்கிற கடையில் சனம் விலை குறையும் வரைக்கும் காத்திருக்கப் பழகிவிடும். மாதம் 20,000 ரூபா வைத்திருக்கிறீர்கள் என்றால் பத்தோ பன்னிரண்டோ ஆயிரத்தைப் பெயருக்கென்று ஒதுக்கி, ஒரு வருடத்துக்குத் தொடாமல் இருங்கள். கடை இப்போதுதான் திறக்கிறீர்கள், வாடகை கட்டவே காசு தேவை என்றால் முதல் சில மாதம் விற்பனைப் பக்கம் அதிகமாகப் போடலாம், அதில் வெட்கம் இல்லை.

சாமான் கடைகளில் இல்லாத நேரம் விளம்பரம் செய்யலாமா?

வேண்டாம். கேட்டு வந்து இல்லையென்று போகிறவர் பக்கத்தில் இருப்பதை வாங்குவார், அது பிடித்தும் போகும்.

பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா?

பெயர் நன்றாக ஓடத் தொடங்கும் முன்பே செய்யுங்கள். கொழும்பில் இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் செய்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, இது வேறு. பலர் பிரதேச செயலகப் பதிவை மட்டும் செய்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று இருக்கிறார்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்கு வருகிறவரிடம் "எப்படிக் கேள்விப்பட்டீர்கள்" என்று கேட்டால் "தெரிஞ்ச ஆக்கள் சொன்னவை" என்பார்கள். பொய் இல்லை, ஆனால் அவர்களுக்கே சரியாகத் தெரியாது. கடைக்கு வராதவர்களிடம் போங்கள். உங்களைத் தெரியாத இருபது பேரிடம், சந்தையிலோ பஸ் நிலையத்திலோ, உங்கள் பெயரைச் சொல்லாமல் "கறித்தூள் எண்டால் என்ன பெயர் ஞாபகம் வருது?" என்று கேட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் விளம்பரத்தில் பெயரைக் கையால் மறைத்து "இது யாருடையது?" என்று காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே கேள்வி. இருபது பேர் சின்னத் தொகைதான், ஒன்று இரண்டு கூடிக் குறைவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டு வருடத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

மஞ்சள் பக்கற் ஆலைக்காரர் இதை விடாமல் செய்கிறார். ஒரு பழைய சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறார், சுன்னாகம் சந்தை வாசலில் அவரே நின்று கேட்கிறார். முதல் தடவை இருபதில் மூன்று பேர். போன தைமாதம் ஒன்பது. அதில் நாலு பேர் பெயரைச் சொல்லவில்லையாம், "அந்த மஞ்சள் பக்கற்" என்றார்களாம். அதையும் எண்ணவா என்று என்னைக் கேட்டார். எண்ணுங்கள் அண்ணா, அதை முதலில் எண்ணுங்கள் என்றேன்.